களைப்பதற்கு முன் ஓய்வு

மூக்கையும் வாயையும் மூடிய ஒரு முகமூடி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், மார்பில் ஒட்டிய கம்பிகள். இதயநோய்ப் பிரிவுகளில் வழக்கமாக நடக்கும் சோதனைதான். மிதிக்க மிதிக்க சைக்கிளின் பளு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று கருவி மூச்சுக்கு மூச்சு அளந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் வெளிவரும் கரியமில வாயு சட்டென்று கூடத் தொடங்கும். ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிப்பது மட்டும் போதாமல், ஆக்சிஜன் இல்லாமல் அவசரமாக ஆற்றல் எடுக்கும் வழிக்கும் தசை இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த எல்லையைத் தொட்டபோது சைக்கிளில் எவ்வளவு பளு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வார்கள்.

மறுநாள் அதே ஆள், அதே சைக்கிள், அதே சோதனை. ஆரோக்கியமானவருக்கு இரண்டு நாள் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உடற்பயிற்சியே செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு எண்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் முதல் நாள் எவ்வளவோ அவ்வளவுதான் இரண்டாம் நாளும். நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களில் பலருக்கு அப்படி இல்லை. இரண்டாம் நாள் அந்த எல்லை முன்கூட்டியே வந்துவிடுகிறது. நேற்று தாங்கிய பளுவை இன்று உடம்பால் தாங்க முடியவில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்டேசி ஸ்டீவன்ஸ், கிறிஸ்டோபர் ஸ்னெல் முதலானோர் இந்த இருநாள் சோதனையை இந்த நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். பின்னர் வேறு குழுக்களும் இதே போக்கைக் கண்டன. நடிப்பு, சோம்பல், பயிற்சியின்மை என்ற மூன்று சந்தேகங்களுக்கும் இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தச் சோதனையே நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடக்கூடும் என்பதால் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை.

இந்த நோயின் மையமே இந்த இரண்டாம் நாள்தான். செய்த வேலைக்கும் பட்ட பாட்டுக்கும் பொருத்தமே இல்லாமல் உடம்பு கீழே போவதை இந்த அத்தியாயத்தில் ‘சரிவு’ என்றே குறிப்பிடுகிறேன். சரிவு உடனே வருவதில்லை. பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை கழித்து வருகிறது. வந்தால் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீள்கிறது. தொண்டை வலிக்கும், நெறி கட்டும், தலை கனக்கும், உடம்பை அடித்துப் போட்டாற்போல வலிக்கும், வாக்கியத்தின் பாதியில் சொல் மறந்து நிற்கும். வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய் நன்றாகவே இருந்துவிட்டு வந்தவர் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். நடுவில் ஒரு நாள் ஓடிவிட்டதால் கல்யாணத்தையும் படுக்கையையும் அவரே முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மருத்துவர் பார்க்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். அதற்கான விலையை வீட்டில் போய்க் கொடுப்பதை மருத்துவர் பார்ப்பதில்லை.

சோர்வு என்பது எல்லோரும் சொல்லும் புகார். விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 50 வயது வரையிலான பெண்களில் சுமார் 12 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்கு மேலாகச் சோர்வாக இருப்பதாகச் சொன்னார்கள். வறுமையும் மனத்துயரமும் அதோடு பின்னிக் கிடந்தன. அவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று யாரும் சொல்லவில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு, காசநோய், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மன அழுத்த நோய் என்று சோர்வுக்குக் காரணங்கள் நிறைய; பெரும்பாலானவை குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடியவை. அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். மன அழுத்த நோயில் எதிலும் நாட்டம் இருக்காது. மெல்ல நடைப்பயிற்சி தொடங்கினால் பலருக்கு மனம் லேசாகும். நாட்பட்ட சோர்வு நோயில் நாட்டம் அப்படியே இருக்கிறது, செய்ய வேண்டியவற்றின் பட்டியலே மனதில் ஓடுகிறது, உடம்புதான் ஒத்துழைப்பதில்லை. நடந்தால் மறுநாள் இன்னும் மோசமாகிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை நோயை அடையாளம் காண வைத்த நிபந்தனைகளும் இவைதான்: ஆறு மாதமாக முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவு சோர்வு, உழைப்புக்குப் பின் சரிவு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, இவற்றோடு மூளை மந்தமாவது அல்லது எழுந்து நிற்கத் தாங்காமல் போவது. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயோடு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பான்மையோருக்கு அது என்ன என்றே யாரும் சொல்லவில்லை என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது.

பெரும்பாலும் ஒரு காய்ச்சலில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரகப் பகுதியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், கியூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் ஆகிய மூன்றில் ஒன்று தாக்கிய 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்து சுமார் 11 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சோர்வு நோய் நிலைத்திருந்தது. மூன்றும் வெவ்வேறு கிருமிகள். ஆனால் பின்விளைவின் அளவு ஏறக்குறைய ஒன்று. யாருக்கு நோய் நிலைக்கும் என்பதை முதல் காய்ச்சலின் கடுமைதான் சுட்டியது. வயதோ, பாலினமோ, முன்பிருந்த மனநிலையோ அல்ல. ராஸ் ரிவர் வைரஸ் நம் ஊர் சிக்குன்குனியா வைரஸின் நெருங்கிய உறவுக்காரன் என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் நினைவில் வைப்பது நல்லது. கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் தேறாதவர்களில் கணிசமானோர் இதே நோயின் வரையறைக்குள் வந்துவிட்டார்கள்.

ஓய்வுதான் இதற்கு முதல் மருந்து என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்கு வேதனை தரும் செய்தி. 1955 ஜூலையில் லண்டனின் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் ஒரு வார்டு சிஸ்டரும் விநோதமான காய்ச்சலோடு படுத்தார்கள். அடுத்தடுத்து ஊழியர்கள் விழ, ஜூலை 25ஆம் தேதி மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று, அக்டோபரில்தான் திறந்தார்கள். அந்த ஆண்டு நவம்பருக்குள் 292 ஊழியர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அங்கே தொற்றுநோய் நிபுணராக இருந்த மெல்வின் ராம்சே அவர்களில் தேறாதவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். சிறிய உழைப்புக்குப் பிறகும் தசையின் வலு திரும்ப மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகிறது என்று எழுதினார். நோய் தொடங்கியதும் கட்டாய ஓய்வு கிடைத்தவர்களே நன்றாகத் தேறினார்கள், முடியாத உடம்போடு ஓடியாடியவர்களே முடங்கினார்கள் என்பதும் அவருடைய பதிவு.

1970இல் மக்கிவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள், நோயாளிகள் யாரையும் நேரில் பார்க்காமல் பழைய குறிப்பேடுகளை மட்டும் படித்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. அந்தக் கட்டுரை ஒரு தலைமுறை மருத்துவர்களின் பார்வையைத் திருப்பிவிட்டது. உடம்பில் கோளாறு இல்லை என்று முடிவாகிவிட்டால், மிஞ்சுவது பயமும் பயிற்சியின்மையும்தானே? பயத்தைப் பேசிப் போக்கலாம், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டலாம் என்ற சிகிச்சை முறை அங்கிருந்து வளர்ந்தது. 641 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ‘பேஸ்’ ஆய்வு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி, இந்த முறை பலன் தருகிறது என்றது. ஐந்தில் ஒருவருக்கு மேல் குணமானார்கள் என்று அதைத் தொடர்ந்து வந்த கட்டுரை சொன்னது.

நோயாளிகள் அந்தக் கணக்கை விடவில்லை. உடல் இயக்கத்துக்கான நூறு மதிப்பெண் அளவுகோலில் 65 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களைத்தான் நோயாளிகளாக ஆய்வில் சேர்த்தார்கள். முடிவில் ‘குணமானவர்’ எட்ட வேண்டிய மதிப்பெண்ணை, முதலில் திட்டமிட்ட 85இலிருந்து 60க்கு இறக்கியிருந்தார்கள். சேரும்போது இருந்ததைவிட மோசமான ஒருவரும் இந்த ஒரு அளவில் தேறிவிட முடியும் என்பதே இதன் பொருள். ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத் தரவுகளைக் கேட்டுப் போராடினார். 2016இல் தீர்ப்பாயம் தரவுகளைத் தரச் சொன்னது. ஆய்வாளர்கள் முதலில் எழுதிவைத்த வரையறைப்படியே மறுபடி கணக்கிட்டபோது, குணமானவர் விகிதம் எல்லாக் குழுக்களிலும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. குழுக்களுக்கு இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடும் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு சான்றுகளை எல்லாம் மறுபடி எடைபோட்டு, அவற்றின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்று முடிவு செய்தது. 2021 அக்டோபர் 29 அன்று வந்த அதன் புதிய வழிகாட்டி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்றது. பேச்சுச் சிகிச்சை நோயோடு வாழத் துணைசெய்யலாம், குணப்படுத்தும் என்று தரக்கூடாது என்றது. ராம்சே அப்போது இறந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

உழைப்புக்குப் பின் தசையில் என்ன நடக்கிறது என்பதும் இப்போது கொஞ்சம் தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் கொரோனாவுக்குப் பின் சரிவு வரும் 25 பேரையும், கொரோனா வந்து முழுமையாகத் தேறிய 21 பேரையும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்; மிதிப்பதற்கு ஒரு வாரம் முன்பும், மிதித்த மறுநாளும் தொடையிலிருந்து துளி தசை எடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவு: நோயாளிகளின் தசையில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு மறுநாள் மேலும் குறைந்திருந்தது, தசைத் திசு ஆங்காங்கே சிதைந்திருந்தது. ‘கொஞ்சம் முயற்சி பண்ணினால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் முன் இந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, ஓய்வை எப்படி எடுப்பது? களைத்தபின் எடுக்கும் ஓய்வு இந்த நோயில் காலம் கடந்த ஓய்வு. களைப்பு தெரியும்போதே எல்லை தாண்டியாகிவிட்டது. ஆகவே களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஜேசன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். தம்மிடம் இருக்கும் ஆற்றலுக்குள் செலவை நிறுத்திக்கொண்டவர்களுக்கு அறிகுறிகள் குறைவாகவும், அன்றாடம் செய்ய முடிந்தவை அதிகமாகவும் இருந்தன. இது நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். பேஸ் ஆய்விலேயே ஒரு குழுவுக்கு இப்படி அளந்து செயல்படச் சொல்லிக் கொடுத்தும், மற்றவர்களைவிட அவர்கள் முந்தவில்லை. இதற்கான ஆதாரத்தில் பெரும்பகுதி நோயாளிகளின் அனுபவத்திலிருந்து வருவது. ஆனால் சரிவுகளைக் குறைப்பதற்கு இன்று கையில் இருக்கும் வழி இதுதான்.

ஓர் ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். காய்ச்சல் வந்து எட்டு மாதம். நீண்ட விடுப்பில் வீட்டில் இருக்கிறார். உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில், விட்டுப்போன வேலையை எல்லாம் பிடித்துவிடத் துடிக்கிறார்: தலைக்குக் குளித்து, சமைத்து, துணி காயப்போட்டு, மாலையில் கடைத்தெருவுக்கும் போய்வருகிறார். அடுத்த மூன்று நாள் படுக்கை. எழுந்ததும் மறுபடி அதே ஓட்டம். சராசரியாகப் பார்த்தால் அவர் அதிகம் உழைக்கவில்லை. ஏற்றமும் இறக்கமுமாக உழைப்பதுதான் அவரைக் கீழே இழுக்கிறது.

முதலில் அவர் செய்ய வேண்டியது எழுதுவது. இரண்டு மூன்று வாரம், ஒரு நோட்டில்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், உடம்பு எப்படி இருந்தது, எப்படித் தூங்கினேன். சரிவு வந்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு நாள் பக்கத்தைப் புரட்டினால் காரணம் அகப்படும். தலைக்குக் குளிப்பது அவர் நினைத்ததைவிடப் பெரிய வேலை: வெந்நீரில் இரத்த நாளங்கள் விரிந்து இரத்தம் காலில் தங்கும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி நிற்க வேண்டும், பிறகு துவட்டல், சிக்கெடுப்பு. இப்போது அவர் குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில் குளிக்கிறார். குளித்ததும் அரைமணி நேரம் படுக்கை. தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு வேலை இல்லை. காய் நறுக்குவது உட்கார்ந்துதான், பத்து நிமிடம்தான், ‘இன்னும் இரண்டு கத்தரிக்காய்தானே’ என்று தோன்றும்போதே கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார். மிச்சத்தைக் கணவர் நறுக்குகிறார். மணிக்கட்டில் இதயத்துடிப்புக் கடிகாரம். காலையில் படுத்திருக்கும்போது உள்ள துடிப்புக்கு மேல் சுமார் 15 கூடினால் ஒலி எழுப்பும்படி வைத்திருக்கிறார்; நோயாளிகளுக்குப் பயிற்சி தருபவர்கள் சொல்லும் ஒரு தொடக்க அளவு அது. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கொடியில் ஈரத்துணியைப் போடக் கை தூக்கியதும் கடிகாரம் கத்துகிறது. துணி காயப்போடும் வேலை அன்றோடு மகனுக்குப் போய்விட்டது.

இந்த ஓய்வில் கைப்பேசி பார்ப்பது சேராது. மூளையின் உழைப்பும் அதே ஆற்றலைத்தான் தின்கிறது. ஒரு மணி நேர வாட்ஸ்அப் வாக்குவாதம் படியேறுவதைப் போலவே சரிவைக் கொண்டுவரலாம். துக்கமும் கோபமும் மட்டுமல்ல, வீட்டு விசேஷத்தின் மகிழ்ச்சியும் செலவுதான். ஆகவே ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்களை மூடி, பேச்சில்லாமல் பத்து பதினைந்து நிமிடம் கிடப்பது, நாளில் பலமுறை, தேவைப்படாதபோதும். துடிப்பான ஆளுக்கு இது மிகக் கடினமான பயிற்சி.

நின்றால் தலைசுற்றல், படபடப்பு, கண் இருட்டல் வருபவர்கள் இந்த நோயில் நிறைய. அவர்களுக்கு நிற்பதே ஒரு வேலை. மருத்துவரிடம் கேட்டு நீரையும் உப்பையும் கூட்டுவது, இறுக்கமான காலுறை, காலை உயர்த்தி வைத்து உட்காருவது ஆகியவை நல்ல பலன் தரும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பைத் தானாகக் கூட்டக்கூடாது. தூக்கத்துக்கு, எழும் நேரத்தை நிலையாக வைப்பது உதவும். உணவில் அதிசயப் பத்தியம் எதுவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதும், சமைக்கும் பாட்டைக் குறைப்பதுமே முக்கியம். ஸ்ட்ராங் காபி ஆற்றலைத் தருவதில்லை, களைப்பை மறைக்கிறது. அந்த மறைப்பில் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். யோகாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். படுத்தபடி செய்யும் மெல்லிய மூச்சுப் பயிற்சி சிலருக்கு இதமாக இருக்கலாம். சூரிய நமஸ்காரம் இந்த நோயாளிக்குக் கடும் உடற்பயிற்சி, வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினம் வீட்டாரின் பார்வை. ‘நேற்று நல்லாத்தானே இருந்தே’ என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். நம் வீடுகளில் ஒரு பெண் பகலில் படுத்திருப்பது விளக்கம் சொல்ல வேண்டிய செயலாக இருக்கிறது. அந்த விளக்கம் சொல்லும் சுமையை நோயாளியிடமிருந்து வாங்கிக்கொள்வது வீட்டில் ஒருவராவது செய்ய வேண்டிய காரியம்: வருகிறவர்களிடம் பேசுவது, போனை எடுப்பது, ‘அவள் ஓய்வில் இருக்கிறாள்’ என்று வாசலிலேயே சொல்லிவிடுவது. நோயாளிகளில் குறைந்தது நான்கில் ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குகிறார். மிகக் கடுமையாக வந்தவர்களுக்கு இருட்டறையும் நிசப்தமும் வேண்டும். சிலருக்கு விழுங்கக்கூட வலு இல்லாமல் குழாய் வழியாக உணவு தர வேண்டியிருக்கும். அவர்களைப் பார்க்க மருத்துவர் வீட்டுக்குப் போக வேண்டும். மருத்துவமனைக்கு வரும் பயணமே அவர்களைச் சரித்துவிடும்.

மருந்து இன்னும் இல்லை. நார்வேயில் பெரும் நம்பிக்கையோடு பரிசோதித்த ரிடுக்ஸிமாப், 2019இல் வந்த முடிவில் போலி மருந்தைவிட மேலாக இல்லை. எடின்பரோவில் கிறிஸ் பான்டிங் தலைமையிலான ‘டிகோட்எம்ஈ’ குழு 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை 2025இல் அறிவித்தது. எதிர்ப்பாற்றலும் நரம்பு மண்டலமும் தொடர்பான இடங்கள் அவற்றில் உண்டு. அங்கிருந்து மருந்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

அதுவரை, தேறுகிறவர் எப்போது கூட்டலாம் என்ற கேள்விக்கு வருவோம். பெரியவர்களில் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் சிலரே. சிறுவர்களுக்கும் இளையோருக்கும் வாய்ப்பு அதைவிட நல்லது. ஆனால் ஓரளவு தேறுவது பலருக்கும் நடக்கிறது. வாரக்கணக்கில் சரிவே இல்லாமல் ஒரே நிலையில் இருந்த பிறகு, ஒரே ஒரு செயலை மட்டும் சிறிதளவு கூட்டிப் பார்க்கலாம்: ஆசிரியைக்கு, வாசல் வரை நடந்து திரும்புவது, அல்லது ஒரு மாணவியின் கட்டுரையைத் திருத்துவது, இரண்டும் ஒரே வாரத்தில் அல்ல. கூட்டிய பின் இரண்டு மூன்று நாள் காத்திருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பதில் தாமதமாகத்தான் வரும். சரிவு வந்தால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அட்டவணை போட்டு வாரா வாரம் ஏற்றக்கூடாது. காய்ச்சல், மாதவிடாய், வெயில் காலம் எல்லாம் அளவைக் கீழே இழுக்கும், அப்போது அளவும் கூடவே இறங்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பும் நாள் வந்தால், முதல் மாதம் வாரத்தில் இரண்டு அரைநாள், உட்கார்ந்து பாடம் நடத்த ஒரு நாற்காலி, இடைவேளையில் படுக்க ஓர் அறை என்று தலைமையாசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.